ஒரு முழத் தெளிவு

யோகநாதனுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எந்தப் பொருளைக் கண்டாலும் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அவனுக்குச் சோறு இறங்காது. கலியாணமான புதிதிலேயே மனைவி சிவமணியின் புது மிக்சியைக் கழற்றிப் பார்த்தவன் அவன். திரும்பப் பூட்டியபோது ஒரு திருகாணி மிஞ்சியது. மிக்சி என்னவோ ஓடத்தான் செய்தது. ஆனால் அன்றிலிருந்து வீட்டில் ஸ்குரூ டிரைவரை எங்கே கண்டாலும் சிவமணி எடுத்து ஒளித்து வைத்துவிடுவாள்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒரு ஒழுங்கையில், மாடியறை ஒன்றில் இருவருமாகக் கலியாண வீடியோத் தொழில் செய்தார்கள். அவன் எடுப்பான், அவள் கணினியில் வெட்டி ஒட்டுவாள். சண்டை நடந்த அந்த வருடங்களில் இந்தத் தொழிலுக்கு மட்டும் பஞ்சமே வரவில்லை. மாப்பிள்ளை கனடாவிலிருந்து வந்து இறங்குவார், பெண் வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் காத்திருப்பாள், பெற்றவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்திலும் மற்றவர் லண்டனிலும் மாட்டிக்கொண்டிருப்பார்கள். வரமுடியாதவர்கள் எல்லாருக்கும் கலியாணம் டிவிடியில்தான் போய்ச் சேரும்.

யோகநாதனின் வீடியோ கமராவில் ஒரு குறை இருந்தது. எல்லாவற்றையும் தெளிவாகக் காட்டுவதுதான் அந்தக் குறை. மணமகளின் மூக்குத்தியும் தெளிவு, அவளுக்குப் பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாயாச வாளியோடு ஓடுகிறவரும் தெளிவு, அவருக்கும் பின்னால் சுவரில் ஒட்டியிருக்கும் 'பாதணிகளைக் கழற்றவும்' என்ற எழுத்தும் தெளிவு. சினிமாவில் அப்படி இல்லையே! முகம் மட்டும் துலக்கமாக நிற்கும், பின்னால் உள்ள உலகம் கரைந்து வெறும் நிறமாகிவிடும். அது எப்படி என்று யோகநாதன் மண்டையைப் போட்டு உடைத்தான்.

கொட்டாஞ்சேனையில் கிளெமென்ற் என்று அவனுக்கு ஒரு கூட்டாளி. கோயில் கலியாணமோ சேர்ச் கலியாணமோ, யோகநாதன் வீடியோ எடுத்தால் கிளெமென்ற்தான் போட்டோ எடுப்பான். அவனிடம் கேட்டபோது அவன் சிரித்தான்.

"மச்சான், உன்ட கமராவுக்குள்ள இருக்கிற சிப்பு நகத்தளவுதான். சின்னதில பிடிச்சா எல்லாம் தெளிவாத்தான் விழும். பிலிம் கமராவில சட்டம் பெரிசு, அதுதான் பின்னுக்கு உருகுது. நீ அழுது புரண்டாலும் உன்ட டப்பாவில அது வராது."

"அப்ப உன்ரை லென்சை என்ரை கமராவிலை பூட்டினால்?"

"பூட்டினா ஒண்டும் நடக்காது. முதல்ல பூட்டவே ஏலாது."

வராது, ஏலாது என்ற இரண்டு சொல்லும் யோகநாதனுக்குக் கள் குடித்த மாதிரி. கிளெமென்றின் அலுமாரியில் செத்துப்போன பழைய பிலிம் கமரா ஒன்று கிடந்தது. அதன் லென்சைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். ஜன்னல் கதவுகளை விரல்கடை இடைவெளி விட்டுச் சாத்தினான். ஒரு வெள்ளைக் கடதாசியில் தேங்காய் எண்ணெய் தடவி, அதற்கு முன்னால் லென்சைப் பிடித்து, முன்னும் பின்னும் நகர்த்தினான். கடதாசியில் ஏதோ பச்சையாகக் கலங்கி, பிறகு சட்டென்று இறுகியது. எதிர்வீட்டுத் தென்னை! தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஓலையை ஆட்டியது. அதற்குக் கீழே, இல்லை, மேலே, குடைபிடித்த ஒரு பெண் வானத்தில் கால்பதித்து நடந்து போனாள். கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. ஒரு துண்டு எண்ணெய்க் கடதாசியில் ஒழுங்கை முழுவதும் நிறத்தோடு அசைந்துகொண்டிருந்தது.

"சிவா, ஓடி வாரும்! இஞ்சை பாரும்!"

சிவமணி மாவுக் கையோடு வந்து பார்த்தாள். அவளுக்கும் வாய் திறந்துதான் போயிற்று, ஆனால் அதை ஒப்புக்கொள்கிற ஆள் அவள் இல்லை. "தலைகீழா எல்லோ கிடக்கு" என்றாள்.

"நிமித்துறது உம்மடை வேலை. கொம்பியூட்டரிலை ஒரு தட்டுத்தானே?"

யோகநாதனுக்கு வழி பிடிபட்டுவிட்டது. லென்சை வீடியோ கமராவில் பூட்டத் தேவையில்லை. ஒரு குழாயின் ஒரு முனையில் லென்சை வைத்து, நடுவில் இந்தக் கடதாசியைப் போல ஒரு திரையை வைத்து, மறுமுனையில் வீடியோ கமராவை வைத்தால், அது அந்தத் திரையில் விழும் படத்தைப் படம்பிடித்துவிட்டுப் போகிறது. மறுநாளே நுகேகொடைக்குப் போய் ஹார்ட்வெயார் கடையில் பிவிசி குழாய்த் துண்டு ஒன்று கேட்டான். கடைக்காரர் வெட்டிக் கொடுத்துவிட்டு, "மேக்க மொகடத மல்லி?" என்று கேட்டார். எதற்கென்று யோகநாதன் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கத் தொடங்கி, பாதியில் அவர் முகத்தைப் பார்த்து, "வத்துரட்ட" என்று, தண்ணீருக்கு எனச் சொல்லி முடித்துக்கொண்டான்.

குழாய்தான் இலேசான வேலை. திரைக்குக் கடதாசி சரிவரவில்லை, அதன் நார் எல்லாம் படத்தில் தெரிந்தது. கண்ணாடியைத் தேய்த்து மங்கலாக்க வேண்டும். உப்புத்தாளால் தேய்த்தான், மழைக்குள் நின்று எடுத்ததுபோல் கீறல் கீறலாக வந்தது. கடைசியில் வாகனத் திருத்தகம் ஒன்றில் வால்வு தேய்க்கிற பசை வாங்கிவந்து, லென்சுக்கு முன் போடும் ஒரு வட்டக் கண்ணாடியை ஜன்னல் கண்ணாடித் துண்டொன்றின்மேல் கவிழ்த்து, அப்பளம்போல் சுற்றிச் சுற்றித் தேய்த்தான். நகக்கணுவெல்லாம் கறுத்தது. அந்தக் கையோடு சோற்றுக்கு வந்தால் கோப்பை கிடைக்காது என்று சிவமணி சொல்லிவிட்டாள். லென்சைக் கடித்துப் பிடிப்பதற்கு, பழைய பிலிம் கமராவின் வாய்மூடியில் ஓட்டை வெட்டிக் குழாயில் ஒட்டினான். உள்ளே கறுப்பு மை பூசினான். ஒருவழியாக எல்லாவற்றையும் பூட்டி சிவமணியின் முகத்தைப் பார்த்தான். அவள் முகம் தெளிவாக இருந்தது, முதுகுக்குப் பின்னால் தொங்கிய துவாயே கரையத் தொடங்கியிருந்தது, பின்னால் இருந்த சாமிப்படம் வெறும் பொன்னிறமாகத் ததும்பியது.

"ஒரு முழம்தான் தெளிவு" என்றான் வியப்புத் தீராமல். "அதுக்கு முன்னுக்கும் புகை, பின்னுக்கும் புகை."

குழாயையும் கமரா வயரையும் ஒரே பையில் வைத்துக்கொண்டு, சோதனைச் சாவடியில் குண்டு என்று பிடிபடக் கொழும்புத் தெருவில் போகிற அளவுக்கு அவன் விசரன் இல்லை. குழாய் சிவமணியின் கூடையில் வாழைக்காயோடு போகும், லென்ஸ் கிளெமென்றின் பையில் போகும், கமரா அவன் தோளில் போகும், மண்டபத்தில்தான் மூன்றும் ஒன்றுசேரும். கமராவின் சின்னத் திரையில் உலகம் தலைகீழாகத் தெரிந்ததால் வலப்பக்கம் திருப்பினால் படம் இடப்பக்கம் ஓடியது. அதற்கும் பழகிக்கொண்டான். நேராக நிற்கிறவர்களைக் கண்டால்தான் அவனுக்குத் தலைசுற்றும் என்று கிளெமென்ற் சொல்லித் திரிந்தான்.

குழாய் முதன்முதலில் அரங்கேறியது பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபத்தில், இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு வைகாசிக் கலியாணம் ஒன்றில். மாப்பிள்ளை ரொறன்ரோ. அவருடைய தாய் அன்னபாக்கியத்தால் வர முடியவில்லை. சிறுநீரகம் பழுதாகி, ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தம்செய்ய வேண்டியவர் அவர். தாய் இடத்தில் நிற்பதற்கு அவருடைய தங்கை இரத்தினம்மா கிளிநொச்சியிலிருந்து வந்திருந்தார். இயக்கத்திடம் மகளைப் பிணைவைத்துப் பாஸ் எடுத்து, ஓமந்தைச் சாவடியைத் தாண்டி வந்த மனுசி. கலியாணம் முடிந்த கையோடு திரும்பிப் போயாக வேண்டும். இதெல்லாம் யோகநாதனின் காதில் விழுந்ததுதான். விழுந்த வேகத்தில் மறு காதால் போய்விட்டது. அன்று அவனுக்கு மணமகளின் இமையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

டிவிடி கனடாவுக்குப் போனது. இளசுகள் எல்லாம் "சினிமா மாதிரி இருக்கு" என்று சொன்னார்கள். அடுத்தடுத்துக் கலியாணங்கள் வந்தன. கிளெமென்ற்கூட வாயை மூடிக்கொண்டான், அதுதான் பெரிய வெற்றி.

அடுத்த தையில் மாப்பிள்ளையின் தாய் அன்னபாக்கியம் ரொறன்ரோவிலிருந்து தொலைபேசி எடுத்தார். கிளிநொச்சி ஆமியிடம் போய்விட்டதாக வானொலியும் ஊரும் சொல்லிக்கொண்டிருந்த நாட்கள். வன்னிக்குள் இருந்த சனம் கிழக்கே கிழக்கே போகிறது என்பதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

"தம்பி, நீர்தானே எங்கடை கலியாணம் எடுத்தனீர்? டிவிடியைப் போட்டுப் போட்டுப் பாக்கிறன். என்ரை தங்கச்சியை ஒரு இடத்திலையும் காணேல்லை. பின்னுக்கு ஒரு நீலச் சீலை புகை மாதிரி நிக்குது. அது அவளோ?"

யோகநாதனுக்கு அந்த நீலச் சீலை நினைவுக்கு வந்தது. ஓம், அது அவர்தான். தாலிகட்டு முழுவதும் மணமகளுக்குப் பின்னால் நின்றவர். தெளிவு ஒரு முழம், அவர் நின்றதோ அதற்கு எட்டு முழம் தள்ளி. வரமுடியாதவர்கள் கலியாண வீடியோ பார்ப்பது மணமகளின் இமையைப் பார்க்க அல்ல, யார் யார் வந்திருக்கிறார்கள், யார் மெலிந்துபோனார்கள், யார் இன்னும் இருக்கிறார்கள் என்று பார்க்கத்தான். இது வெள்ளவத்தையில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். இந்தப் பெரிய மூளைக்காரனுக்கு மட்டும் தெரியாமல் போயிற்று.

"எடுத்த வீடியோ ரேப் எல்லாம் கிடக்கு அன்ரி. தேடி எடுத்து அனுப்புறன்" என்றான்.

முதல் ரேப்பிலேயே இரத்தினம்மா கிடைத்தார். லென்சின் வளையத்தைக் கையால் திருப்பித்தான் தெளிவு பிடிக்கவேண்டும். அப்படித் திருப்பும்போது தெளிவு சிலவேளை மணமகளைத் தாண்டி ஓடி, பின்வரிசையைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருந்தது. பிழை என்று சிவமணி வெட்டி எறிந்த துண்டுகள் அவை. அதில் இரத்தினம்மா கத்திபோல் தெளிவாக நின்றார். ஒடுங்கிய கன்னம், பெரிய குங்குமப் பொட்டு, ஒரு கை சீலைத் தலைப்பைப் பிடித்தபடி. ஆனால் எந்தத் துண்டிலும் அவர் அசையவில்லை. பக்கத்தில் நிற்பவர்கள் கதைக்கிறார்கள், கைவிசிறியால் விசுக்கிறார்கள், பிள்ளையை அடிக்கிறார்கள். கமரா திரும்பினால் இவர் மட்டும் சிலையாகிவிடுகிறார்.

"பாவம், போட்டோ லென்சைக் கண்டிட்டு, போட்டோ எடுக்கிறாங்கள் எண்டு நினைச்சிட்டா போலை" என்று யோகநாதன் சிரித்தான்.

துலக்கமான ஒரு முகத்தைப் படமாக எடுத்து இமெயிலில் அனுப்பினார்கள். அடுத்த நாள் தொலைபேசி வந்தது.

"வடிவா இருக்கு தம்பி, நீர் நல்லா இருப்பீர். ஆனால் போட்டோ எனக்கு அவள் முந்தியும் அனுப்பினவள். எனக்கு அவள் நடக்கிறதைப் பாக்கவேணும். ஒருக்கால் காட்டும். எங்கையும் நடந்திருப்பாள்தானே? அவ்வளவு பெரிய கலியாண வீடு."

ஏன் என்று யோகநாதன் கேட்கவில்லை. பூனைக்கு ஏன் மீசை என்று கேட்கிறவன் அவன். ஆனால் ஒரு அக்கா தங்கையைப் பார்க்க ஆசைப்படுவதில் கேட்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டான்.

மற்ற ரேப்புகளைப் போட்டுப் போட்டுக் கண் பூத்துப் போயிற்று. கடைசி ரேப்பின் வாலில் ஒரு துண்டு இருந்தது. சாப்பாட்டு மண்டபத்தில் யாரோ கையைப் பிடித்து இருத்திச் சோறு போட்டபோது, அவன் நிறுத்தாமலே மேசையில் வைத்துவிட்ட கமரா தன்பாட்டில் ஓடியிருந்தது. வெறும் நிறப் புகை, இலைகள், கையசைவுகள். நெடுநேரத்துக்குப் பிறகு அந்தப் புகைக்குள்ளிருந்து ஒரு நீலம் பிரிந்து வந்து, கமராவுக்கு முன்னால் அந்த ஒரு முழத்துக்குள் காலடி வைத்ததும் இரத்தினம்மாவானது. தலைகீழாக, கூரையில் நடப்பவர்போல வந்ததால் நடை ஒரு மாதிரியாக இருந்ததை யோகநாதன் கவனிக்கவில்லை.

சிவமணி ஒரு தட்டில் படத்தை நிமிர்த்தினாள். இருவரும் பார்த்தார்கள். வலது கால் முழங்காலில் மடியவில்லை. இடுப்பிலிருந்து வட்டம் போட்டு வந்து, தட்டென்று ஊன்றியது. சீலை அந்தக் காலில் மட்டும் ஒரு தடியில் சுற்றியதுபோல் கிடந்தது.

"பொய்க்கால்" என்றாள் சிவமணி.

ஒலியைக் கூட்டினாள். இரத்தினம்மா குனிந்து கேட்டது அப்படியே பதிவாகியிருந்தது. "தம்பி, நான் நடக்கிறது உதிலை விழேல்லைத்தானே? விழக்கூடாது. அக்கா பாப்பா." அதற்குப் பிறகு யோகநாதனின் குரல், வாய் நிறையச் சோற்றோடு: "விழேல்லை அம்மா, விழாது. நீங்கள் யோசியாதேங்கோ."

அவனுக்குக் காது சுட்டது. அந்த மனுசி போட்டோ என்று நினைத்து நிற்கவில்லை. கமரா தன்பக்கம் திரும்பும்போதெல்லாம் காலை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறார், அந்த நீண்ட தாலிகட்டு முழுவதும்.

"இதை அனுப்பேலாது" என்றான். "வாக்குக் குடுத்திட்டன்."

"என்ன வாக்கு? சோத்தை விழுங்கிக்கொண்டு சொன்னதோ? அந்த அன்ரி இனி இவவைக் காணுவாவோ இல்லையோ ஆருக்குத் தெரியும்? உள்ளதை உள்ளபடி அனுப்புங்கோ."

"அந்த மனுசி சொல்லாததை நாங்கள் ஏன் சொல்லுவான்? அதுவும் அந்த வருத்தக்காரிக்கு?"

இரண்டு பேரும் சொன்னது சரிதான், அதுதான் கரைச்சல். பின்னேரம்வரை வாதாடி முடிவில் யோகநாதனின் கைவேலைதான் வென்றது. புகையாக வந்த நீளத்தையெல்லாம் வெட்டி எறிந்தான். தெளிவான அந்தக் கடைசி அடிகளை மட்டும் வைத்து, தோளுக்கு மேலே தெரியும்படி சட்டத்தைச் சுருக்கினான். தோள் குலுங்குவது காட்டிக்கொடுத்தது. ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்தான். குலுக்கல் கரைந்து, இரத்தினம்மா தண்ணீரில் மிதந்து வருவதுபோல் வந்தார். ஒலியை எடுத்துவிட்டு மெதுவாக ஒரு வீணை போட்டான். அழகாகவே இருந்தது. அக்காவுக்கும் காட்டியாயிற்று, தங்கைக்குச் சொன்ன சொல்லும் தவறவில்லை என்று அவனுக்குத் தன்மீதே ஒரு மதிப்பு வந்தது.

மறுநாள் காலை சிவமணி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

"கிடைச்சுது தம்பி" என்றார் அன்னபாக்கியம். குரலில் மகிழ்ச்சி இல்லை. "ஏன் இவ்வளவு ஆறுதலா வாறாள்?"

"அது... கொஞ்சம் ஸ்லோ மோஷன் போட்டனான் அன்ரி. வடிவுக்கு."

"காலை ஏன் வெட்டினனீர்?"

யோகநாதன் சிவமணியைத் திரும்பிப் பார்த்தான்.

"எனக்குத் தெரியும் தம்பி. மிதிவெடியிலை கால் போனது எனக்கு எப்பவோ தெரியும். ஊராக்கள் சொல்லாமல் விடுவினமே? அவள் மறைக்கிறாள், மறைக்கட்டும் எண்டு நானும் கேக்கேல்லை."

"பிறகு ஏன் அன்ரி நடக்கிறதைக் காட்டச் சொல்லி..."

"அங்கை சனமெல்லாம் ஓடுதாம். ஒரு இடத்திலை இருக்கேலாதாம், இருந்த இடத்தை விட்டிட்டு ஓடுதாம். அவளாலை எவ்வளவு கெதியா நடக்க ஏலும் எண்டு எனக்குப் பாக்கவேணும். அதைத்தான் தம்பி கேட்டனான். நான் இஞ்சை மெஷினிலை படுத்துக்கொண்டு அதைத்தான் யோசிச்சுக்கொண்டு கிடக்கிறன்."

யோகநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. "உள்ளபடி அனுப்புறன் அன்ரி, இப்பவே அனுப்புறன்" என்றான்.

"அனுப்பும். மருமகள் வேலையாலை வந்துதான் திறக்கவேணும். நீர் இப்ப உதிலை பாத்து எனக்குச் சொல்லும். கெதியா நடக்கிறாளோ?"

சிவமணி அதற்குள் கணினிக்குப் போய், வெட்டாத துண்டை முதலிலிருந்து ஓடவிட்டிருந்தாள். யோகநாதன் தொலைபேசியைக் காதில் வைத்தபடி திரைக்கு முன்னால் குனிந்தான். வெறும் புகை என்று நேற்று வெட்டி எறிந்த பகுதி அது. மண்டபத்தின் அந்தக் கடைசித் தொங்கலில் நீலப் புள்ளி ஒன்று கிளம்பியது. கொஞ்சம் வந்தது, நின்றது. மறுபடி கொஞ்சம் வந்தது, நின்றது. ஏன் நிற்கிறது என்று அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். நீலம் நின்ற இடத்திலெல்லாம் ஒரு கதிரையின் முதுகு இருந்தது.

"தம்பி, நிக்கிறீரோ? சொல்லுமன்."

ஒரு பிள்ளை புகைக்குள்ளால் குறுக்கே ஓடிப்போயிற்று. பாயாச வாளிக்காரர் ஒருவர் அவரைத் தாண்டிப் போய், பரிமாறிவிட்டுத் திரும்பியும் வந்தார். இரத்தினம்மா இன்னும் கதிரை கதிரையாகப் பிடித்துப் பிடித்து வந்துகொண்டிருந்தார்.